எமுலேட்டரில் பத்து விநாடிக்கொரு துள்ளல்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை எந்த எண்ணில் வைப்பது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 1920×1080, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ரெட்ரோஆர்க் (பழைய கன்சோல்களைக் கணினியில் போலச் செய்யும் எமுலேட்டர் மென்பொருள்) வைத்து சூப்பர் நிண்டெண்டோ ஆட்டங்கள் ஓட்டுகிறீர்கள். 144-ல் வைத்தால் பின்னணி நகரும்போதெல்லாம் படம் நடுங்குகிறது. 60-ல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் ஏறக்குறைய பத்து விநாடிக்கு ஒருமுறை ஒரு துள்ளல். 59.94-ல் வைத்தால் அந்தத் துள்ளல் இன்னும் அடிக்கடி வருகிறது. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆயிற்றே, 50-ல் வைக்க வேண்டுமோ என்று கடைசியில் ஒரு சந்தேகம். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒரு காணொளியைப் பார்த்து ‘சிங்க் டு எக்ஸாக்ட் கன்டென்ட் ஃப்ரேம்ரேட்’ ஆன் செய்தேன், லேக் (தாமதம்) குறையட்டும் என்று வி-சிங்க்கை (படத்தைத் திரையின் வேகத்தோடு கட்டும் அமைப்பு) ஆஃப் செய்தேன் என்று. எந்த எண் என்பது உங்கள் கேள்வி. விடை இருப்பது இந்த வரியில்.

மின்சாரச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மானிட்டரின் பவர் சப்ளையைத் தாண்டும்போதே அது நேர்மின்னோட்டமாகிவிடுகிறது. ஒரு விநாடிக்கு எத்தனை படம் என்பதைத் தீர்மானிப்பது கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த க்ளாக்தான். ஆகவே பிளக்கில் இருக்கும் 50-க்கும் செட்டிங்கில் இருக்கும் 50-க்கும் இன்று தொடர்பு இல்லை. பழைய காலத்தில் இருந்தது. மின்சாரத்தின் சாயல் திரையில் பட்டையாக ஊர்ந்து போகாமலிருக்க, அந்தந்த நாட்டு மின்சாரத்தை ஒட்டியே டிவியின் வேகத்தை வைத்தார்கள். சிங்கப்பூர் ‘பால்’ (PAL) என்ற டிவி முறையைப் பின்பற்றிய நாடு, எனவே 50. அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி என்ற முறை, எனவே 60-க்குச் சற்றுக் குறைவு. இங்கே அனலாக் ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது என்றாலும், மின்னிலக்க ஒளிபரப்பும் 50-ஐ ஒட்டியே போகிறது. உங்களுக்கு இதில் பயன்படும் செய்தி ஒன்றுதான்: உங்கள் ஆட்டக் கோப்பு ஐரோப்பியப் பதிப்பா, ஜப்பான் அல்லது அமெரிக்கப் பதிப்பா என்று பாருங்கள். ஐரோப்பியப் பதிப்பு என்றால் எமுலேட்டர் அதை 50.007-ல் ஓட்டும். அப்போது எல்லாக் கணக்கும் மாறிவிடும். பத்து விநாடிக்கு ஒரு துள்ளல் என்கிறீர்கள் என்பதால் உங்களுடையது 60-ஐ ஒட்டிய பதிப்புதான். 50 ஆக இருந்தால் 60 ஹெர்ட்ஸில் விநாடிக்குப் பத்து முறை இடறும், கண்ணுக்குத் தப்பவே தப்பாது.

இனி அந்தப் பத்து விநாடி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பழைய கன்சோல்கள் எதுவும் சரியாக 60-ல் ஓடவில்லை. என்டிஎஸ்சி டிவி ஒரு படத்தை 525 கோடுகளாக, இரண்டு பாதியாகப் பிரித்து வரையும், பாதிக்கு 262.5 கோடு, விநாடிக்கு 59.94 பாதி. கன்சோல்கள் அந்த அரைக் கோட்டை விட்டுவிட்டு 262 கோட்டோடு அடுத்த படத்துக்குத் தாவின. கோடு குறைந்ததால் வேகம் கூடியது. அதோடு ஒரு கோட்டின் நீளத்தையும் ஒவ்வொரு கம்பெனியும் தன் சிப்புக்கு வசதியாக வைத்துக்கொண்டது. விளைவு, நிண்டெண்டோவின் என்இஎஸ், சூப்பர் நிண்டெண்டோ இரண்டும் 60.0988, சேகா மெகா டிரைவ் 59.92, கேம் பாய்க்கு டிவியே கிடையாது என்பதால் அதன் க்ளாக்கான 4,194,304-ஐ ஒரு படத்துக்கு ஆகும் 70,224 துடிப்பால் வகுத்தால் 59.7275. காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரங்களின் பலகைகள் இன்னும் தாராளம்: கேப்காமின் சிபிஎஸ் பலகைகள் 59.64, நியோ ஜியோவின் ஆர்கேட் பலகை 59.19, ஆர்-டைப் 55-ஐ ஒட்டி, மார்ட்டல் காம்பாட் 54.71. பாண்டாயின் வொண்டர்ஸ்வான் மறுமுனைக்குப் போய் 75.47-ல் நிற்கிறது. (உண்மைக் கன்சோலின் க்ளாக்கை ஓட்டும் படிகத்திலேயே சிறு ஏற்றத்தாழ்வு உண்டு. நான்காவது தசமத்துக்காகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.)

உங்கள் மானிட்டரின் 60 என்பது 1080-ல் சரியாக 60.000. ஆட்டம் 60.0988. விநாடிக்கு 0.0988 படம் மிச்சம். 1-ஐ 0.0988-ஆல் வகுத்தால் 10.1. பத்து விநாடி சேர்ந்ததும் ஒரு முழுப் படம் காட்ட இடமில்லாமல் போகிறது, அதை விழுங்கியாக வேண்டும். அதுதான் அந்தத் துள்ளல். 59.94-ல் வித்தியாசம் 0.159, ஆறேகால் விநாடிக்கு ஒன்று. 144-ல் ஒரு படத்துக்கு 2.4 முறை திரை புதுப்பிக்கப்பட வேண்டும். திரைக்கு 0.4 தெரியாது, ஆகவே ஒரு படம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறி மாறி நிற்கும். அதுதான் நடுக்கம். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறியும் கணக்கோடு பொருந்துகின்றன, எனவே மானிட்டரிலோ கார்டிலோ கோளாறு இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

ரெட்ரோஆர்க்கை வந்தபடியே விட்டிருந்தால் 60-ல் இந்தத் துள்ளல் வந்திருக்காது. இங்கே மூன்று கடிகாரங்கள் இருக்கின்றன: ஆட்டத்துடையது, மானிட்டருடையது, சவுண்ட் கார்டினுடையது. மூன்றும் தனித்தனிப் படிகத்தில் ஓடுகின்றன. தானாக ஒருநாளும் ஒத்துப்போகா. கச்சேரி மேடையில் ஒருவர்தான் தாளம் போட முடியும், மற்றவர்கள் கேட்டு வாசிக்க வேண்டும். ரெட்ரோஆர்க்கின் வழக்கமான ஏற்பாட்டில் தாளம் மானிட்டர் கையில்: வி-சிங்க் படத்தைத் திரையோடு கட்டுகிறது, ஆட்டம் 60.0988-க்குப் பதில் 60.000-ல், அதாவது 0.16 விழுக்காடு மெதுவாக ஓடுகிறது, ஒலியின் வேகத்தை அதற்கேற்ப நுணுக்கமாக இழுத்துச் சரிக்கட்டுகிறது. நீங்கள் ஆன் செய்த விருப்பம் அந்தப் பொறுப்பைப் பிடுங்கி ஆட்டத்தின் கையில் கொடுக்கிறது. தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் திரை இருந்தால் அது அருமையான ஏற்பாடு. திரை 60-லேயே பிடிவாதமாக நின்றால், வி-சிங்க்கும் இல்லாமல், விண்டோஸ் டெஸ்க்டாப் வழியாகப் படம் போகும்போது மிச்சப் படத்தை விண்டோஸ் விழுங்கிவிடுகிறது. அந்த நிலையில் வி-சிங்க்கை மட்டும் திரும்ப ஆன் செய்தால் துள்ளல் போய்விடும்; ஆனால் கோளாறு ஒலிக்கு இடம் மாறி, அவ்வப்போது ‘டப்’ என்று ஒரு வெடிப்பு கேட்கும். பாதி மருந்து சாப்பிட்டுவிட்டு எமுலேட்டரே சரியில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

உங்கள் மானிட்டருக்கு நான் பரிந்துரைப்பது வி.ஆர்.ஆர்., அதாவது திரை தன் வேகத்தை ஆட்டத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி; ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் என்ற பெயர்களில் வருவது. 144 ஹெர்ட்ஸ் என்று விற்கப்படும் மானிட்டர்களில் பெரும்பாலானவற்றில் இது உண்டு, ஆனால் பலவற்றில் மானிட்டரின் சொந்த மெனுவில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பெட்டியில் முத்திரை இருப்பதால் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. திரைக்குக் கீழேயோ பின்னாலோ உள்ள பொத்தானை அழுத்தி, மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது ‘அடாப்டிவ் சிங்க்’ என்பதை ஆன் செய்யுங்கள். என்விடியா கார்டு என்றால் அதன் கன்ட்ரோல் பேனலில் ‘செட் அப் ஜி-சிங்க்’ பக்கத்தில் டிக் செய்ய வேண்டும். கார்டு 10-ஆம் வரிசையாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும், சாதாரண ஃப்ரீசிங்க் மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வேண்டும். பெட்டியோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளை மாட்டிவிட்டு அந்தப் பக்கமே தென்படவில்லை என்று தேடுகிறவர்கள் நிறைய. எச்டிஎம்ஐ 2.1 வி.ஆர்.ஆர். உள்ள திரைகள் மட்டும் இதற்கு விலக்கு. ஏஎம்டி கார்டில் எச்டிஎம்ஐ வழியாகவும் ஃப்ரீசிங்க் போகும், மானிட்டரும் அதை ஏற்றால்.

அதன்பின் விண்டோஸில் மானிட்டரை 144-லேயே விட்டுவிடுங்கள், 60-க்கு இறக்காதீர்கள். வி.ஆர்.ஆரில் அந்த எண் உச்சவரம்பு மட்டுமே. ரெட்ரோஆர்க்கில் செட்டிங்ஸ், வீடியோ, சிங்க்ரனைசேஷன் போய் ‘சிங்க் டு எக்ஸாக்ட்’ ஆனாக இருக்கட்டும், வி-சிங்க்கையும் ஆன் செய்யுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும், வி.ஆர்.ஆர். வரம்புக்குள் இருக்கும்வரை வி-சிங்க் தாமதம் ஏற்றாது, படம் நடுவில் கிழிந்தது போலத் தெரியாமல் காவல் மட்டும் இருக்கும். வீடியோ மெனுவில் ஃபுல்ஸ்க்ரீன் பகுதிக்குப் போய் ‘விண்டோட் ஃபுல்ஸ்க்ரீன்’ என்பதை ஆஃப் செய்து, வல்கன் அல்லது டைரக்ட்3டி 11 டிரைவரைப் பயன்படுத்துங்கள். ‘த்ரெடட் வீடியோ’ ஆனாக இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஆனாக இருக்கையில் மேலே சொன்ன எதற்கும் உத்தரவாதமில்லை. மெனுக்களின் இடம் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும், பெயர்கள் பெரும்பாலும் மாறுவதில்லை.

வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஊகம் தேவையில்லை. மானிட்டர் மெனுவில் ரிஃப்ரெஷ் ரேட் காட்டும் பகுதி இருந்தால் ஆட்டம் ஓடும்போது அதைத் திறந்து வையுங்கள். 60 என்று காட்டி, 59-க்கும் 61-க்கும் இடையே லேசாக ஆடினால் திரை ஆட்டத்தைப் பின்பற்றுகிறது. 144 என்று அசையாமல் நின்றால் வி.ஆர்.ஆர். ஓடவில்லை. 120 என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். சில மானிட்டர்களில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை அனுப்பும் ஏற்பாடு முன்கூட்டியே வந்துவிடும், கண்ணுக்கு அது ஒன்றுதான்.

வி.ஆர்.ஆருக்கும் கோளாறுகள் உண்டு. மானிட்டரின் வரம்பு 48 முதல் 144 என்றால் மேலே சொன்ன எல்லாக் கன்சோல்களும் உள்ளே அடங்கும். ஆனால் பழைய, மலிவான திரைகளில் வரம்பு 48 முதல் 60 என்று இருக்கும். 60.0988 அந்த உச்சவரம்பைக் கடந்துவிடுகிறது! ஒரு துளிதான், ஆனால் கடந்தால் கடந்ததுதான். மெகா டிரைவ் மிருதுவாக ஓடும், சூப்பர் நிண்டெண்டோ மட்டும் முரண்டு பிடிக்கும். யாராவது உங்களிடம் அப்படி ஒரு புதிரைச் சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள். இன்னொன்று, விஏ பேனல்களிலும் ஓலெட் திரைகளிலும் வேகம் வரம்பின் கீழ்முனையை ஒட்டி ஊசலாடினால் இருண்ட காட்சிகளில் ஒளி மினுக்கும். 50 ஹெர்ட்ஸ் ஆட்டங்களை 48-ல் தொடங்கும் வரம்பில் ஓட்டும்போது இதைப் பார்க்கலாம். அது பேனலின் குணம், எமுலேட்டர் அமைப்பால் தீராது.

உங்கள் மானிட்டரில் வி.ஆர்.ஆர். இல்லையென்றால், அல்லது இருந்தும் மினுக்கல் தொல்லை என்றால், பழைய ஏற்பாட்டுக்குத் திரும்புங்கள். அதில் குறை ஒன்றுமில்லை. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. ‘சிங்க் டு எக்ஸாக்ட்’ ஆஃப், வி-சிங்க் ஆன். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் 120-ஐத் தேர்ந்தெடுங்கள். 60-ஐவிட 120 ஏன் என்றால், இரண்டும் ஆட்டத்தின் முழு மடங்குகள்தான், ஆனால் 60-ல் திரையின் உச்சியிலிருந்து அடி வரை படம் வரைய 16.7 மில்லிவிநாடி ஆகிறது, 120-ல் 8.3. தாவிக் குதிக்கும் ஆட்டங்களில் கீழ்ப்பகுதியில் நடப்பது அந்த அளவுக்கு முன்னதாகக் கண்ணில் படும். 120-ல் வைத்தால் ‘வி-சிங்க் ஸ்வாப் இன்டர்வல்’ என்பதை ஆட்டோவில் விடுங்கள். பழைய பதிப்பில் ஆட்டோ இல்லையென்றால் 2 என்று வையுங்கள். இதை மறந்தால் ஆட்டத்தைத் தடுத்து நிறுத்துவது ஒலி மட்டுமே. ‘ஆடியோ சிங்க்’கும் ஆஃபாக இருந்தால் மரியோ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவார். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்களும் 120-க்குத்தான் இறக்க வேண்டும், 240 உள்ளவர்கள் அப்படியே விடலாம். 75 ஹெர்ட்ஸ் மட்டும் இதற்கு உதவாது. நான்கு படத்துக்கு ஒன்று இரட்டிப்பு நேரம் நிற்கும். அங்கே 60-தான் கதி.

இந்த ஏற்பாட்டில் வேகமும் சுருதியும் எவ்வளவு மாறும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு: சூப்பர் நிண்டெண்டோ 60-ல் ஓடினால் இசை, அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களின் இடைவெளியில் நூறில் மூன்று பங்கு இறங்குகிறது. யார் காதுக்கும் எட்டாது. கேம் பாய் 59.73-லிருந்து 60-க்கு ஏறினால் நூறில் எட்டு பங்கு. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலொழிய தெரியாது. நியோ ஜியோ ஒன்றேகால் விழுக்காட்டுக்கும் சற்று அதிகமாக வேகம் கூடும், சுருதி அந்த இடைவெளியில் கால் பங்கை நெருங்கும். அந்த இசையோடு வளர்ந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ரெட்ரோஆர்க்கின் ஆடியோ மெனுவில் ‘மேக்ஸிமம் டைமிங் ஸ்க்யூ’ வழக்கமாக 0.05, அதாவது ஐந்து விழுக்காடு வரை ஆட்டத்தின் வேகத்தைத் திரைக்கு வளைக்கும். ‘டைனமிக் ஆடியோ ரேட் கன்ட்ரோல்’ 0.005, அதாவது அரை விழுக்காட்டுக்குள் ஒலியை நொடிக்கு நொடி சரிசெய்யும். இரண்டையும் தொடாதீர்கள். மார்ட்டல் காம்பாட் போல 60-லிருந்து ஒன்பது விழுக்காடு விலகிய ஆட்டம் ஐந்து விழுக்காட்டு எல்லைக்கு வெளியே நிற்பதால் வளையாது, இடறும். எல்லையை 0.10 ஆக்கி வளைக்கலாம், ஆனால் சண்டை ஆட்டத்தில் பத்து விழுக்காடு வேகம் கூடினால் கைப்பழக்கமே கெட்டுவிடும்.

அத்தகைய ஆட்டங்களுக்காகவே மூன்றாவது வழி இருக்கிறது: மானிட்டருக்கே புது எண் கற்றுக்கொடுப்பது. 1080-க்கான வழக்கமான டைமிங்கில் கண்ணுக்குத் தெரியாத ஓரங்களையும் சேர்த்து ஒரு கோட்டுக்கு 2200 பிக்ஸல், மொத்தம் 1125 கோடு, பெருக்கினால் 2,475,000. பிக்ஸல் க்ளாக், அதாவது விநாடிக்கு அனுப்பும் பிக்ஸல்களின் எண்ணிக்கை, 148.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் 60.000. வேண்டிய எண்ணால் அந்த 2,475,000-ஐப் பெருக்கினால் புது க்ளாக் கிடைக்கும். 60.0988-க்கு 148.74 மெகாஹெர்ட்ஸ், கேம் பாய்க்கு 147.83. க்ளாக் 0.01 மெகாஹெர்ட்ஸ் படியில்தான் நகரும் என்பதால் ஒவ்வொரு படியும் 0.004 ஹெர்ட்ஸ், துல்லியமாக உட்காராது, ஆனால் 148.74-ல் மிச்சம் 0.002-க்கும் குறைவு, ஒன்பது நிமிடத்துக்கு ஒரு படம். அதையும் ஒலிச் சரிக்கட்டல் விழுங்கிவிடும்.

செய்யும் முறை இது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘சேஞ்ச் ரெசொல்யூஷன்’, ‘கஸ்டமைஸ்’, ‘கிரியேட் கஸ்டம் ரெசொல்யூஷன்’ என்று போய், டைமிங்கை ‘மேனுவல்’ ஆக்குங்கள். மொத்தப் பிக்ஸல் 2200, 1125 என்பதை மாற்றாமல், ரிஃப்ரெஷ் ரேட்டில் 60.099 என்று அடித்து ‘டெஸ்ட்’ அழுத்துங்கள். திரை கறுத்துப் போனால் எதையும் அழுத்தாமல் காத்திருங்கள். சில விநாடிகளில் பழையபடி திரும்பிவிடும். மற்ற கார்டுகளுக்கு ‘கஸ்டம் ரெசொல்யூஷன் யுடிலிட்டி’ என்ற சிறிய இலவச மென்பொருள் பயன்படும். அதில் ‘டெஸ்ட்’ பொத்தான் கிடையாது, எனவே அதோடு வரும் ‘ரீசெட் ஆல்’ நிரலை டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். படம் வராமல் போனால் சேஃப் மோடில் ஏறி அதை ஓட்டினால் எல்லாம் பழையபடி. புது எண்ணைப் பயன்படுத்தும்போது வி.ஆர்.ஆரை அணைத்துவிட்டு, ரெட்ரோஆர்க்கின் வீடியோ, அவுட்புட் பகுதியில் ‘எஸ்டிமேட்டட் ஸ்க்ரீன் ரிஃப்ரெஷ் ரேட்’ என்ற வரி அமைதியாகும் வரை சில நிமிடம் காத்திருந்து, அந்த அளவையே ‘வெர்டிகல் ரிஃப்ரெஷ் ரேட்’டாக ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள். நீங்கள் அடித்த எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் மூன்றாவது தசமத்தில் வேறுபாடு இருப்பது சகஜம். அளந்ததைத்தான் நம்ப வேண்டும். இதே காரணத்தால் 2560×1440 மானிட்டர் வைத்திருப்பவர்கள் ‘60’ என்ற சொல்லை அப்படியே நம்பக் கூடாது. அந்த அளவுக்கான வழக்கமான டைமிங்கில் அது 59.951.

எந்த மானிட்டர் எந்த எண்ணை ஏற்கும் என்பது சோதித்தால்தான் தெரியும். கணினி மானிட்டர்கள் 55-க்கும் 61-க்கும் இடையில் பெரும்பாலும் தாராளம். டிவிகள் கறார்: 50, 59.94, 60, புதியவற்றில் 100, 120 என்பதோடு நிறுத்திக்கொண்டு மற்றவற்றுக்கு ‘சிக்னல் இல்லை’ என்று கைவிரித்துவிடும். மடிக்கணினித் திரைகளில் சில 60-ஐத் தவிர எதையும் தொடவிடாது. விண்டோஸின் ‘டைனமிக் ரிஃப்ரெஷ் ரேட்’ இருந்தால் அதையும் அணைக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தின் நடுவில் திரை தன் இஷ்டத்துக்கு எண்ணை மாற்றும். ஏற்றுக்கொண்டது போல நடித்துவிட்டு உள்ளே படங்களை விழுங்கும் மானிட்டர்களும் உண்டு. டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தில் ஃப்ரேம் ஸ்கிப்பிங் சோதனையைத் திறந்து, கைப்பேசி கேமராவின் ஷட்டரைப் பத்தில் ஒரு விநாடியில் வைத்துப் படமெடுங்கள். ஒளிர்ந்த கட்டங்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து இருந்தால் நேர்மையான திரை. நடுவில் ஓட்டை விழுந்தால் அந்த எண்ணைக் கைவிடுங்கள்.

50 ஹெர்ட்ஸ் ஆட்டங்களுக்கு வருகிறேன். மெகா டிரைவின் பால் பதிப்பில் சிறு வயதில் ஆடியவர்களுக்கு அந்த வேகம்தான் மனதில் பதிந்திருக்கும். 1991-ல் வந்த முதல் சோனிக் பால் கன்சோலில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், இசையும் சேர்ந்தே இழுபடும். அதுவே வேண்டும் என்றால் மானிட்டரை 50 அல்லது 100-ல் வையுங்கள். ரெட்ரோஆர்க்கில் ‘ஆட்டோமேட்டிக் ரிஃப்ரெஷ் ரேட் ஸ்விட்ச்’ இருக்கிறது, அது ஆட்டத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளும். இதில் நமக்கு ஒரு வசதி: சிங்கப்பூரில் ஒளிபரப்பே 50-ல் என்பதால் இங்கே விற்கும் டிவிகள் அந்த வேகத்தை முகம் சுளிக்காமல் ஏற்கும். வரவேற்பறை டிவியில் ‘கேம் மோட்’ போட்டு 50-ல் ஓட்டினால் தனியாக எந்த டைமிங்கும் எழுத வேண்டியதில்லை. ஆனால் பழைய பழக்கம் எதுவும் இல்லாதவர் என்றால் ஜப்பான் அல்லது அமெரிக்கப் பதிப்பை ஆடுங்கள். அந்தக் காலத்துப் பால் பதிப்புகள் பல, வேகத்தைத் திருத்தாமல் அப்படியே அனுப்பப்பட்டவை.

120 கிடைத்துவிட்டது என்றதும் ‘பிளாக் ஃப்ரேம் இன்சர்ஷன்’ போட்டுப் பார்க்கும் ஆசை வரும். ஒரு படம், ஒரு கறுப்பு என்று மாறி மாறிக் காட்டினால் பழைய டியூப் டிவியின் கூர்மை திரும்பும், வெளிச்சம் பாதியாகும். எல்சிடி திரையில் 120-ல் இதை நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். எல்சிடி ஒவ்வொரு படத்துக்கும் மின்னழுத்தத்தின் திசையைப் புரட்டுகிறது. ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பு என்றால் வெளிச்சமான படங்கள் எல்லாம் ஒரே திசையில் போய் விழுகின்றன. அரை மணி நேரத்தில் ஆட்டத்தின் நிழல் டெஸ்க்டாப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். பெரும்பாலும் அணைத்து வைத்தால் மறையும். 180-ல், அதாவது ஒரு படத்துக்கு இரண்டு கறுப்பு என்று ஓட்டினால் இந்தத் திசைச் சிக்கல் வராது. ஓலெட்டுக்கும் இது பொருந்தாது. இதையும் வி.ஆர்.ஆரையும் ஒன்றாகப் போட முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வி-சிங்க் பற்றிய உங்கள் பயம் வீணானதல்ல, அது ஒன்றிரண்டு படம் வரை தாமதம் ஏற்றக்கூடும். அதற்காக அதை அணைப்பதைவிட, வல்கனில் ‘மேக்ஸ் ஸ்வாப்செயின் இமேஜஸ்’ 2 என்றும், ஓபன்ஜிஎல் என்றால் ‘ஹார்ட் ஜிபியு சிங்க்’ ஆன் என்றும் வையுங்கள். அதற்கு மேல் குறைக்க ‘ஆட்டோமேட்டிக் ஃப்ரேம் டிலே’ இருக்கிறது. ஆட்டத்தைச் சில படம் முன்கூட்டியே ஓட்டித் தாமதத்தை மறைக்கும் ‘ரன்-அஹெட்’ என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் சோதித்துத்தான் வைக்க வேண்டும், அளவு மீறினால் பாத்திரம் இடம்விட்டு இடம் தாவும்.

உங்கள் கார்டு எது, கேபிள் எது என்று நீங்கள் எழுதவில்லை. எனவே கணக்கும் நோயும் உறுதி, எந்த மருந்து பிடிக்கும் என்பது உங்கள் கருவியைப் பொறுத்தது. முதலில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் மாட்டி, மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் வழி, இல்லையென்றால் 120-ல் இரண்டாம் வழி. ஒரே நேரத்தில் ஒரு அமைப்பை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் பின்னணி ஒரே வேகத்தில் பக்கவாட்டில் ஓடும் ஒரே காட்சியை ஒரு நிமிடமாவது பாருங்கள்; பத்து விநாடிக்கு ஒன்று வரும் துள்ளலை அரை நிமிடத்தில் தீர்மானிக்க முடியாது. பிறகும் துள்ளினால் எத்தனை விநாடிக்கு ஒன்று என்று எண்ணி, கார்டின் பெயர், மானிட்டரின் மாடல், மானிட்டர் மெனு காட்டும் ஹெர்ட்ஸ் ஆகியவற்றோடு எழுதுங்கள். அந்த இடைவெளியை வைத்தே எந்தக் கடிகாரம் விலகி நிற்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.